வேட்டைக்கு அனுமதி கேட்கப் போன சனிக்கிழமைகள்

எனக்கு ஒரு வியாதி உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும் போன காரியத்தை முதலில் சொல்ல வராது. பக்கத்து வீட்டில் ஏணி இரவல் வாங்கப் போனால்கூட அவர் பையனின் படிப்பு, மாமனாரின் முழங்கால் வலி, வாசல் புல்லின் செழிப்பு எல்லாவற்றையும் விசாரித்து முடித்து, கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "அப்புறம் அந்த ஏணி..." என்று இழுப்பேன். ஈரோட்டுப் பக்கம் நாங்கள் எல்லோரும் அப்படித்தான். எடுத்த எடுப்பில் காரியத்தைச் சொல்கிறவனை மரியாதை தெரியாதவன் என்போம். டெக்சஸில் ஆலன் என்ற ஊருக்கு வடக்கே ஒரு கிராமத்துக் கவுன்ட்டி ரோட்டில், இந்த மரியாதைதான் என் மகளின் வேட்டைக்கு உலை வைத்தது.

அவளுக்கு அப்போதுதான் பதினேழு முடிந்திருந்தது. ஹைஸ்கூலின் கடைசி வருஷம். பள்ளியின் வில்வித்தை டீமில் இருந்தாள். அட்டையில் வரைந்த வட்டத்தையே அடித்து அடித்து அலுத்துவிட்டதோ என்னவோ, அந்தக் கோடையில் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில், இந்த வருஷம் மான் வேட்டைக்குப் போகிறேன் என்றாள். வேட்டைக்காரர்களுக்கான வகுப்பை ஆன்லைனில் முடித்திருந்தாள். லைசன்ஸும் வாங்கிவிட்டிருந்தாள். எங்களிடம் அவள் அனுமதி கேட்கவில்லை, தகவல் சொன்னாள்.

என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "மான் என்னடி பண்ணுச்சு உன்னை?"

"ஆடு என்ன பண்ணுச்சு உங்களை?" என்று மகள் திருப்பிக் கேட்டாள். மேஜையில் இருந்தது ஆட்டுக்கறிக் குழம்பு. மனைவி என்னைப் பார்த்தாள். நான் கையிலிருந்த எலும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிக்கல் மானிடம் இல்லை, நிலத்தில் இருந்தது. இங்கே ரோட்டோரத்தில் காடு என்று கண்ணில் படுவதெல்லாம் யாரோ ஒருவருடைய சொந்தச் சொத்து. வேலிக் கம்பத்தில் ஊதா பெயின்ட் அடித்திருந்தால் உள்ளே காலை வைக்காதே என்று அர்த்தம். அரசாங்க நிலம் இருக்கிறதுதான், ஆனால் அது தூரம், வார இறுதியில் கூட்டம் வேறு. முன்பின் தெரியாதவர்கள் ஆயுதத்தோடு அலையும் இடத்துக்குப் பெண்ணை அனுப்ப முடியாது என்று மனைவி ஒரே பிடியாக நின்றாள். மிச்சம் இருந்தது ஒரு வழி. கதவு கதவாகத் தட்டி, உங்கள் நிலத்தில் வேட்டையாடிக்கொள்ளட்டுமா என்று கேட்பது. உள்ளூர்க்காரர்கள் காலம்காலமாக அப்படித்தான் கேட்கிறார்கள், சிலருக்குக் கிடைக்கவும் செய்கிறது.

"நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"ஏங்க, துப்பாக்கி வெச்சிருக்கறவங்க வீட்டுக் கதவை நீங்க போய்த் தட்டறதா? நம்ம மூஞ்சிய வெச்சுக்கிட்டு?" என்றாள் மனைவி. நியாயமான பயம்தான். எனக்கும் இருந்தது. இருந்தும் போனேன்.

காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு மான் வேண்டியிருக்கவில்லை. அடுத்த ஆகஸ்ட்டில் அவள் வேறு ஸ்டேட்டுக்குக் காலேஜ் போகிறாள். வீட்டில் அவள் ரூம் கதவு எப்போதும் சாத்தித்தான் இருக்கும். தட்டினால் "ம்?" என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். ஆனால் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் மட்டும் பேசுவாள். ஏன் என்று தெரியாது. முகத்தைப் பார்க்காமல் பேசலாம் என்பதாலோ என்னவோ. நிலம் தேடும் சாக்கில் சனிக்கிழமை தோறும் அவள் என் பக்கத்தில் உட்காருவாள். இடம் கிடைத்துவிட்டால், மரத்தடியில் மான் கண்ணில் படாமல் ஒளிந்திருக்கும் கூடாரம் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கலாம். அவள் வீட்டை விட்டுப் போவதற்குள் அது ஒன்று கிடைத்தால் போதும் என்று இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், வேறு எதுவுமே அப்போது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

அவளே ஒரு ரோட்டைப் பார்த்து வைத்திருந்தாள். ஓரமாக ஒரு ஓடை போகும். காலை வேளையில் அங்கே மான்கள் ரோட்டைக் கடப்பதை அவள் தோழி பார்த்திருக்கிறாள். ஒரு பக்கம் புல் வளர்க்கும் வயல்கள், மாடுகள், பழைய வீடுகள். இன்னொரு பக்கம் புதிதாக முளைத்த சப்டிவிஷன் குடியிருப்பு, ஒரே அச்சில் வார்த்த கூரைகள், வாசலில் செயற்கை நீரூற்று. நாங்கள் இருப்பதும் அப்படி ஒன்றில்தான்.

முதல் வீட்டுக்கு நான் நன்றாகத் தயாராகிப் போனேன். இஸ்திரி போட்ட சட்டை. வெறுங்கையோடு போகக் கூடாதே என்று ஒரு டப்பா மைசூர்பாக்கு. கதவைத் திறந்தவர் என் அப்பா வயதுக்காரர், தொப்பியைக் கழற்றாமல் நின்றார். எங்கள் பெயரைச் சொல்லி, டப்பாவைக் கையில் கொடுத்து, அருமையான இடம் சார் என்று ஆரம்பித்தேன். எவ்வளவு காலமாக இங்கே இருக்கிறீர்கள் என்று விசாரித்தேன். மொத்தம் எத்தனை ஏக்கர் என்று கேட்டேன். எங்கள் ஊரில் ஒருவர் தோட்டத்துக்குள் நுழைந்தால் இதைக் கேட்காமல் இருப்பது அவரை மதிக்காமல் இருப்பது போல. பிறகு, பிள்ளைகள் யாராவது விவசாயம் பார்க்கிறார்களா, இல்லை எல்லோரும் டவுன் பக்கம் போய்விட்டார்களா, இந்த வயதில் தனியாகச் சமாளிப்பது சிரமமாக இல்லையா என்றும் கேட்டேன். உள்ளன்போடுதான் கேட்டேன்.

அவர் டப்பாவை என் கையில் திருப்பி வைத்தார். "இது விற்பனைக்கு இல்லை" என்றார். கதவைச் சாத்தினார். வேட்டை என்ற வார்த்தையே அதுவரை யார் வாயிலிருந்தும் வரவில்லை.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. மைசூர்பாக்கைக் கொடுத்தால் முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்துவதா? காரில் ஏறியதும் அவரைப் பற்றி நாலு வார்த்தை பேசினேன். மகள் சீட் பெல்ட்டைக்கூடப் போடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, உங்களை அவர் லேண்ட் வாங்க வந்த ஆள்னு நெனச்சுட்டார்" என்று சொன்னாள். பிறகு பொறுமையாக விளக்கினாள். இந்த ரோட்டில் வாரம் தவறாமல், வீடு கட்டி விற்கும் டெவலப்பர்களின் ஆட்கள் வருகிறார்களாம். நல்ல கார், நல்ல சட்டை, கையில் ஒரு பரிசு. எத்தனை ஏக்கர், பிள்ளைகள் விவசாயம் பார்க்கிறார்களா, வயதாகிவிட்டதே, சிரமமாக இல்லையா. வரிசைகூட மாறாமல் அதையேதான் அவர்களும் கேட்பார்களாம். இதையெல்லாம் அவள் தோழியின் தாத்தா சொல்லியிருக்கிறார்.

"நான் மரியாதைக்குத்தானே கண்ணு கேட்டேன்?"

"ஐ நோ, அப்பா. ஜஸ்ட் ஆஸ்க். ஹன்ட் பண்ணலாமான்னு மட்டும் கேளுங்க."

அடுத்த சனிக்கிழமை ஏக்கரைப் பற்றி வாயைத் திறப்பதில்லை என்று சத்தியம் செய்துவிட்டுப் போனேன். இனிப்பையும் வீட்டிலேயே விட்டுவிட்டேன். இரண்டாவது வீட்டில் ஒரு பெண்மணி நாயைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நின்றார். வெறுமனே நின்று வேட்டையாடலாமா என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. ஒரே ஒரு வார்த்தை முன்னால் பேசிக்கொள்ளலாம் என்று, இங்கே தண்ணீர் எத்தனை அடியில் கிடைக்கிறது என்று கேட்டுவிட்டேன். பக்கத்தில் மகள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தப் பெண்மணி, உங்களைப் பற்றி ஏற்கெனவே போனில் சொன்னார்கள் என்றார். முதல் வீட்டுக்காரர் ரோடு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார் போலிருக்கிறது.

மூன்றாவது வீட்டில் ஒழுங்காகத்தான் கேட்டேன். சார், என் மகள் வில் வேட்டைக்கு இடம் தேடுகிறாள், உங்கள் நிலத்தில் அனுமதிப்பீர்களா. மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். அந்த மனிதர் டிராக்டரை நிறுத்தி, நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டு, நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். "அது என் மாமா மாடு மேய்த்த இடம்" என்றார். திட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. மறுபடி டிராக்டரில் ஏறிக்கொண்டார். நான் வாங்கியது ஒரு வீடு. அதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது என்று எனக்கு யார் சொன்னார்கள்? இருந்தாலும் அவர்மேல் கோபம் வரவில்லை. எங்கள் நிலத்தில் இப்படி ஒரு வரிசை வீடு வந்திருந்தால் நானும் அதில் குடிவந்த ஆளைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டேன்.

ஆனால் அந்தச் சனிக்கிழமைகளில் எனக்கு வேண்டியது கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு கதவும் சாத்தப்பட்ட பிறகு நாங்கள் இரண்டு பேரும் காரில் உட்கார்ந்து சிரித்தோம். நான் தண்ணீர் எத்தனை அடியில் என்று கேட்டதை அவள் என் குரலிலேயே நடித்துக் காட்டினாள். காலேஜில் ரூம்மேட் எப்படி இருப்பாளோ என்று பயமாக இருக்கிறது என்று ஒருநாள் சொன்னாள். இந்த ரோட்டில் யாருமே அனுமதி கொடுக்காமல் போனால்கூடப் பரவாயில்லை என்று எனக்குள் ஒரு நினைப்பு வந்து போனது.

நான்காவது வீட்டின் முன்னால் காரை நிறுத்தியபோது அவள் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். கையில் போனைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நீங்க கார்லயே இருக்கீங்களா? ப்ளீஸ்."

"ஏன் சாமி?"

"ப்ளீஸ், அப்பா."

இருந்தேன். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவள் படியேறிக் கதவைத் தட்டினாள். ஒரு கிழவர் வந்தார். இவள் ஏதோ சொன்னாள், சுருக்கமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும், அவர் உடனே சிரித்தார். உள்ளே திரும்பிக் கூப்பிட, நடுத்தர வயதில் ஒரு பெண் வந்து நின்றாள். அவள் என் மகளின் தோளைத் தட்டி, இரண்டு கைகளாலும் வில்லை இழுப்பது போல் ஏதோ காட்டினாள். கிழவர் படியிறங்கி வந்து, வயலுக்கு அப்பால் ஓடையோரத்து மரங்களைக் கை நீட்டிக் காட்டினார். பிறகு காரைப் பார்த்தார். என்னைத்தான் பார்த்தார். நான் கையை உயர்த்தினேன். அவர் உயர்த்தவில்லை.

மகள் ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "ஹி செட் எஸ்!" என்று கத்தினாள். பிறகு சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "ஆனா ஒரு கண்டிஷன்."

கண்டிஷன் நான்தான். ரோட்டுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து, நிலம் வாங்க வருகிற யாரையும் கேட்டுக்கு உள்ளே விடுவதில்லை என்று பேசி வைத்திருக்கிறார்களாம். அப்பா சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறார், அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று இவள் சொல்லியிருக்கிறாள். இருக்கலாம், ஆனால் அக்கம்பக்கத்தாருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று கிழவர் சொல்லியிருக்கிறார். இவள் மட்டும் வரலாம். அந்தப் பெண் அவருடைய மருமகள், பல வருஷமாக வில் வேட்டை ஆடுகிறவள். கூடாரத்தில் இவளோடு அவள் உட்காருவாள். அப்பா கேட்டோடு நின்றுகொள்ளட்டும்.

"நீ என்ன சொன்னே?"

"ஓகேன்னு சொன்னேன்." என் முகத்தைப் பார்த்தாள். "வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடறேன், அப்பா."

அவள் அதை மனதாரத்தான் சொன்னாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திரும்பிப் போய் மறுத்திருப்பாள். அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது? நான் எங்கே உட்கார வேண்டுமென்று ஆசைப்பட்டேனோ அந்த இடத்தில் வேறொருத்தி உட்காரப்போகிறாள் என்றா? "உனக்குக் கிடைச்சுதே, அது போதும் கண்ணு" என்றேன். வீடு வரும்வரை அவள்தான் பேசினாள். எல்லாம் அந்த மருமகளைப் பற்றி.

அக்டோபரில் சீசன் ஆரம்பித்தது. இருட்டு விலகும் முன்பே காரை எடுப்போம். அந்நேரத்தில் அவள் பாதித் தூக்கத்தில் இருப்பாள், பேச்சு இருக்காது. கேட்டுக்கு அந்தப் பக்கம் மருமகள் டார்ச்சோடு காத்திருப்பாள். மகள் வில்லை எடுத்துக்கொண்டு இறங்குவாள், கேட்டைத் திறந்து, உள்ளே போய், சங்கிலியை மறுபடி மாட்டுவாள். அதில் பூட்டு கிடையாது. மாடு வெளியே போகாமலிருக்க ஒரு கொக்கி, அவ்வளவுதான். நான் ரோட்டோரத்தில் காரை நிறுத்தி பிளாஸ்க் காபியைக் குடிப்பேன். தானே ஓட்டிக்கொண்டு வருகிறேன் என்று அவள் சொன்னாள், அவளிடம் லைசன்ஸ் இருந்தது. இருட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இருட்டு ஒரு சாக்கு.

திரும்பும்போது சொல்வாள், இன்று இன்னது பார்த்தோம், மருமகள் இப்படிச் சொன்னாள், அவளும் ஹைஸ்கூலில் இப்படித்தானாம். சொல்லச் சொல்ல எனக்குப் பொறாமையாக இருந்தது. எத்தனை வயதுக்காரன், யாரைப் பார்த்துப் பொறாமை என்று என்னையே திட்டிக்கொள்வேன். பொறாமை போகவில்லை.

நவம்பரில் ஒரு காலை. வெயில் நன்றாக ஏறிவிட்டது. போனில் மகளிடமிருந்து ஒரே வரி வந்தது: காட் ஒன், ஒன்று கிடைத்துவிட்டது. நான் காரை விட்டுத் துள்ளி இறங்கினேன். மனைவிக்குப் போன் போட்டு, அடிச்சுட்டா, அடிச்சுட்டா என்று ரோட்டில் நின்று கத்தினேன்.

கேட்டருகே போய் நின்று பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து, வயலுக்கு அப்பால் மகளும் மருமகளும் தரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாக நடப்பது தெரிந்தது. அம்பு பட்ட மான் ஓடிய தடத்தைத் தேடுகிறார்கள். மரங்களின் ஓரத்தில் மகள் நின்றாள். வில்லைக் கீழே போட்டாள். பிறகு மண்டியிட்டு உட்கார்ந்தாள். மான் கிடைத்துவிட்டது, அதைத் தொட்டுப் பார்க்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் முதுகு குலுங்கியது. தலையைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்துவிட்டாள். காற்றில் சத்தமும் வந்தது. சின்ன வயதில் விழுந்து அடிபட்டால் அழுவாளே, அதே அழுகை. எத்தனையோ வருஷமாக நான் அதைக் கேட்டதில்லை.

போன் போட்டேன். அவள் பாக்கெட்டிலிருந்து எடுத்துப் பார்ப்பது தெரிந்தது. மறுபடி உள்ளே வைத்துக்கொண்டாள்.

என் கை சங்கிலியைப் பிடித்திருந்தது. கொக்கியைத் தூக்கினால் போதும். அப்போது கிழவர் வீட்டுப் பக்கமிருந்து நடந்து வந்தார். கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று என் கையைப் பார்த்தார். நான் கையை எடுத்துவிட்டேன்.

"சார், நான் உள்ளே வரலாமா? என் மகள் அழுகிறாள்" என்றேன். முன்னுரை எதுவும் இல்லை. வாழ்க்கையிலேயே அவ்வளவு நேராக நான் யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

அவர் திரும்பி வயலைப் பார்த்தார். "முதல் தடவை சிலருக்கு அப்படித்தான் ஆகும்" என்றார். "அவளுக்கு ஒன்றுமில்லை. கொஞ்சம் விட்டுவிடுங்கள்." குரலில் கடுமையே இல்லை. அன்பாகக்கூடச் சொன்னார். கேட்டை மட்டும் திறக்கவில்லை.

கொக்கியைத் தூக்கிவிட்டு ஓடியிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்திருக்கிறேன். ஓடியிருந்தால் அவளுக்குக் கிடைத்த அந்த ஒரு அனுமதியும் போயிருக்கும். அதைவிட, ஓடிப்போய் அவள் முன்னால் நின்ற பிறகு, போனை எடுக்காத பெண், ஏன் வந்தீர்கள் என்று கேட்டுவிட்டால்? பெற்ற பிள்ளை கண்ணெதிரே அழ, அடுத்தவர் வேலிக்கு வெளியே கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

மருமகள் தன் வில்லை மரத்தில் சாய்த்துவிட்டு, தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் மகள் அவள் தோளில் சாய்ந்து என்னவோ பேசினாள். வார்த்தைகள் கேட் வரை எட்டவில்லை. அழுதுகொண்டே நீளமாகப் பேசினாள். இடையில் ஒருமுறை கேட் பக்கம் கையைக் காட்டினாள். மருமகளும் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு என் மகளின் தலையைத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

மானைக் கிழவர் வீட்டில் சேர்த்துவிட்டு அவர்கள் கேட்டுக்கு வந்தபோது மகள் முகம் கழுவியிருந்தாள். மருமகள் என் கையைக் குலுக்கி, நல்ல பெண்ணை வளர்த்திருக்கிறீர்கள் என்றாள். ரொம்ப நன்றி என்றேன்.

காரில் அவள் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்தாள். ஃப்ரீவே வரும்வரை பொறுத்துப் பார்த்தேன்.

"என்ன ஆச்சு சாமி? ஏன் அழுதே?"

"நத்திங், அப்பா. ஐ'ம் குட்."

"மானைப் பார்த்துப் பாவமா இருந்துச்சா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்றைக்கு அவள் என்ன சொல்லி அழுதாள், எதற்காக என் பக்கம் கையைக் காட்டினாள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த மருமகளுக்குத் தெரியும்.